தாளிப்புச் சத்தம்

ரெண்டாச்சு. இன்னும் மூணு விசில் வேணும், மொச்சைக் கொட்டை ராத்திரி பூரா ஊறிக் கெடந்தாலும் எங்க தெருப் போர்த்தண்ணிக்கு அஞ்சு விசில் இல்லாம வேகாது, ஆறு விட்டா கூழாப் போயிரும், பக்கத்துலயே நின்னு எண்ணணும், நான் என்னத்த எண்ணுதேன், விசில எண்ணுதேனா நாள எண்ணுதேனா, செவ்வாக்கெழம, புதன், இன்னைக்கு வியாழன், மூணாம் நாள், மூணாம் நாள்தான் அம்மை மேலெல்லாம் எறங்கும்பாக, எறங்கியாச்சு, காலையில போர்வையத் தூக்கிப் பாத்தேன், தர்ஷனுக்கு நெஞ்சு, முதுகு, காது மடல், தலமுடிக்குள்ள கூட முத்து முத்தா நிக்கி, கண்ணு இமையில ஒண்ணு. ஏழு வயசுப் பிள்ளை, "அம்மா, அரிக்கிம்மா"ன்னு முனங்குதான். "சொறியாதய்யா, ஆத்தா வெளையாடுதா, வெளையாடிட்டுப் போயிருவா"ன்னு சொல்லிட்டு இங்கன வந்து குக்கர் முன்னால நிக்கேன். உள்ரூம்புல புஷ்பம் உக்காந்து வேப்பங்குழையால அவனத் தடவிக்கிட்டிருக்கா. புஷ்பம் எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, பேரு தங்கபுஷ்பம், எங்ககூடத்தான் இருக்கா. கதவ ஒருக்களிச்சுச் சாத்தி வச்சிருக்கோம். ஊருல எல்லாரும் அம்மை போட்டா வாசல்ல வேப்பங்குழை செருகுவாக, வாரவக போறவக அதப் பாத்து வெளியவே நின்னு பேசிட்டுப் போவாக. எங்க வீட்டு வேப்பங்குழை மட்டும் பிள்ளை மெத்தைக்கு அடியில கெடக்கு. வந்த ஆத்தாளயே ஒளிச்சு வச்ச வீடு இந்தக் கோவில்பட்டியில இது ஒண்ணுதான் இருக்கும்.

மூணு. எல்லாம் ஞாயித்துக்கெழமைக்காக. ஞாயித்துக்கெழம இந்த வீட்டுல புஷ்பத்துக்கு நிச்சயம். அவளுக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சு போச்சு. ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு எடம் கூடி வந்து, நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கையில எங்க மாமியா செத்துப் போனாக, "காரியம் எல்லாம் முடியட்டும், பெறவு பேசிக்கிடுவோம்"னு எந்திரிச்சுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரவக போனவகதான், ஒரு போன் கூட இல்ல. அதோட ராசியில்லாதவன்னு ஒரு பேரு இவமேல ஒட்டிக்கிச்சு, பேன் மாதிரி, எம்புட்டுச் சீவுனாலும் போகல. இப்ப சாத்தூர்ல இருந்து இந்த எடம். மனுசன் நல்ல லெச்சணமா இருக்காரு, போன்ல பேசுதப்ப இவ சிரிக்கா, பத்து வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னே எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. செவ்வாக்கெழம சாயங்காலம் தர்ஷன் சட்டையக் கழட்டுதப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாத்தோம். நான் "ஆத்தா!"ன்னேன், அவ தரையில உக்காந்துட்டா. பெறவு, "மதினி, தள்ளி வச்சா அம்புட்டுத்தான், எனக்குத் தெரியும். அஞ்சு நாள் வெளிய மூச்சு விடாத, ஒன் கால்ல விழுதேன்"னா. நெசமாவே விழுந்தா. எங்கிட்ட ஒரு ரிப்பன் கூட இந்நாள் வரைக்கும் கேட்டது கெடையாது அவ. தர்ஷன் பெறந்தப்ப எனக்குத் தையல் பிரிஞ்சு மூணு மாசம் படுத்துக் கெடந்தேன், பீ மூத்திரம் அள்ளி வளத்தது அவதான். சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? லாரியில நாக்பூர் போயிருக்க இவுகளுக்குப் போன் போட்டா, "புஷ்பம் சொல்லுதபடி செய்யி"ன்னு வச்சுட்டாக. ஆம்பளைகளுக்கு எல்லாம் அம்புட்டு லேசு. ஞாயித்துக்கெழம உள்ரூம்புக்கு வெளிய பூட்டு, பிள்ளை கையில போனு, கேட்டா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லணுமாம், போன் குடுத்தா அவன் ஒரு மாசம் கூடச் சத்தங்காட்டாமக் கெடப்பான்தான், எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருக்கா. சுகிர்தாவ மட்டும் யோசிக்கல. நானும் யோசிக்கல, பொய் சொல்லக் கூடாது, யோசிச்சேன், ஆனா யோசிச்சதோட நிறுத்திக்கிட்டேன்.

நாலு. சுகிர்தா எங்க மாடி வீட்டுல குடியிருக்கா. மாடிப்படி எங்க அடுக்களை ஜன்னல ஒட்டித்தான் எறங்குது, அவ செருப்புச் சத்தம் கேட்டா எனக்கு மணி பாக்க வேண்டியதில்ல. கல்யாணமாகி ஆறு வருஷம், ரெண்டு கலைஞ்சு போச்சு, இப்ப இது தங்கி நாலு மாசம். தண்ணி குடிச்சாலும் வாந்தி, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. போன ஞாயித்துக்கெழம படியில உக்காந்துக்கிட்டு, "அக்கா, ஒங்க மொச்சைக் குழம்பு திங்கணும் போல இருக்கு. கருவாடு மட்டும் வேண்டாங்க்கா, அந்த வாடை ஆகல. கத்தரிக்காய் போட்டு, தேங்காய் அரைச்சு விட்டு, கெட்டியா, சோத்துல ஊத்துனா ஓடக் கூடாது"ன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொன்னா, சொல்லும்போதே தின்னுக்கிட்டிருந்தா. வியாழக்கெழம வச்சுத் தாரேன்னு வாக்குக் குடுத்தேன். மறுநாள் திங்கக்கெழம, தர்ஷன் தலைவலின்னு பள்ளிக்கூடத்துல இருந்து பாதியில வந்துட்டான், அவ கீழ வந்தா, அவ மடியில தலைய வச்சுப் படுத்தான், வயித்துல காத வச்சு "பாப்பா என்ன சொல்லுது சித்தி?"ங்கான், "ஒன்னியத்தான் வையுது, வீட்டுப்பாடம் எழுதலயாமே"ங்கா, நான் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். செவ்வாக்கெழம முத்துப் போட்டுருச்சு. நேத்து மேலுக்குப் போடுத லோஷன் வாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், தெருமுனைக் கடையில வாங்குனா கண்டுபிடிச்சிருவாகன்னு, களவாணி மாதிரி முந்தானையப் போத்திக்கிட்டு. அந்தக் கடைப் பொண்ணு கேட்டா, "அக்கா, வீட்ல மாசமா இருக்கவங்க யாரும் இருக்காங்களா?" "இல்ல"ன்னேன். வீட்டுல இல்லதான? மாடி வேற வீடு, கரண்டு மீட்டரே வேற. அவ மருந்தக் கவர்ல போட்டுக்கிட்டே, "பழகுற எடத்துல இருந்தாலும் சொல்லிருங்கக்கா. முத்து தெரியுறதுக்கு ரெண்டு நாள் முந்தியே ஒட்டும். சின்னதுல வராதவங்களா இருந்தா வயித்துப் பிள்ளைக்கும் ஆகாது. ஊசி இருக்கு, ஆனா சீக்கிரம் போடணும்"னா. சீக்கிரம்னா எத்தன நாளுக்குள்ளன்னு நான் கேக்கல. கேட்டா தெரிஞ்சு போயிரும்ல.

அஞ்சு. அணைச்சாச்சு. ஆவி அடங்கட்டும். புளிய ஊறப் போட்டது எப்பன்னே நெனப்பில்ல, கைய விட்டுப் பிசையுதேன். ஒருவேள அவளுக்குச் சின்னதுல வந்திருக்கும். எல்லாருக்கும் வந்திருக்கும், எனக்கு வந்துச்சு, புஷ்பத்துக்கு வந்துச்சு, அவளுக்கு மட்டும் வராமலா இருக்கும், வந்திருந்தா ஒண்ணுமில்ல, நான் இப்படிக் கெடந்து சாக வேண்டியதில்ல. கேட்டுட்டா முடிஞ்சது. நேத்து சாயங்காலம் அதுக்குத்தான் படி ஏறுனேன், பாதிப் படியில நின்னு, அம்மைய நானே சொமந்துக்கிட்டுப் போயிக் குடுத்துருவேனோன்னு அதுக்கு மேல ஏறாம, "சுகிர்தா"ன்னேன், "என்னக்கா"ன்னு தலைய நீட்டுனா, ஒனக்குச் சின்னதுல அம்மை போட்டிருக்கான்னு கேக்கணும், வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன், "கல்லுப்பு இருக்கா தாயி"ன்னு கேட்டேன். ஜாடி நெறைய உப்ப வீட்டுல வச்சுக்கிட்டு. அவ ஒரு தம்ளர்ல போட்டுப் படியிலயே வச்சுட்டு, "தர்ஷனுக்குத் தலைவலி விட்டுச்சாக்கா, நாளைக்கு வந்து பாக்கேன்"னா. "இப்ப வேண்டாம், அவன் தூங்குதான்"னேன். அந்த உப்பத்தான் இப்பக் குழம்புக்குப் போடுதேன். சவத்துமூதி, நாக்கு இருந்தா என்ன, அறுந்து விழுந்தா என்ன.

கொட்டை நல்லா வெந்திருக்கு, ரெண்டு விரல்ல வச்சு அமுக்குனா தோலு தனியா சதை தனியா வழியுது. கத்தரிக்காய காம்போட நாலாக் கீறிப் போட்டேன், சின்ன வெங்காயம் முழுசு முழுசா, வத்தப்பொடி, மல்லிப்பொடி, புளித்தண்ணி. வழக்கமா உள்ளியும் கத்தரிக்காயும் எண்ணெயில வதங்கணும், ஆனா அம்மை வீட்டுல வதக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, அடுப்புல எண்ணெய் புகைஞ்சா பிள்ளை மேலு எரியும், முத்து கண்ணுக்குள்ள எறங்கும்பாக. நெசமோ பொய்யோ, எவ சோதிச்சுப் பாப்பா, அதுவும் பெத்த பிள்ளைய வச்சு? ரெண்டு நாளா எல்லாம் பச்சைத் தண்ணியில அவிச்சுத்தான் எறக்குதேன். நேத்து எதுத்த வீட்டுச் செல்லக்கனி மதினி கோலப்பொடி டப்பாவோட நின்னுக்கிட்டு, "என்னளா, ரெண்டு நாளா ஒங்க வீட்டுல தாளிப்புச் சத்தமே காணும்?"னு கேட்டுட்டாக. அந்தப் பொம்பளைக்குக் காது இருக்கே, கடுகு எந்த வீட்டுல வெடிக்கலன்னு கணக்கு வச்சிருக்கு. "கேஸ் தீரப் போகுது மதினி"ன்னு சமாளிச்சுட்டு வந்து புஷ்பத்துக்கிட்டச் சொன்னேன். அவ "நாளைக்குக் குழம்புக்குத் தாளிச்சிரு மதினி"ன்னா. "ஏளா, பிள்ளை கண்ணுளா"ங்கேன், "ஒரே ஒரு தடவ. சாமிக்குத் தெரியும் மதினி, நான் மூணு வருஷம் தீச்சட்டி எடுக்கேன்னு நேந்துருக்கேன்"னு சொல்லுதப்ப அவ என்னையப் பாக்கல, சுவத்தப் பாத்தா. கோவம்தான் வந்துச்சு. அவ மேலயா, எம்மேலயா, அந்தச் செல்லக்கனி மேலயான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

கொதிச்சு வருது, தேங்காயும் சீரகமும் அரைச்சத ஊத்திட்டேன், பச்சை வாடை போகட்டும், கெட்டியாகட்டும், ஓடக் கூடாதுன்னுல்ல கேட்டா. இத வச்சு நான் அவளுக்கு என்ன செய்யப் போறேன், கிண்ணத்துல போட்டுப் படியில வைக்கவா, அது நல்லதா, நான் பிள்ளையத் தொட்ட கை, சோப்புப் போட்டு நாலு தடவ கழுவியிருக்கேன், ஆனாலும். கதவத் தொறக்காம இருந்தா அவ தட்டுவா, தொறந்தா உள்ள வருவா, வந்தா தர்ஷனக் கேப்பா. நாளைக்குச் சொன்னா என்ன? ஞாயித்துக்கெழம சாயங்காலம், தாம்பூலம் மாத்துன கையோட ஓடிப் போயிச் சொல்லிட்டா? அதுக்குள்ள ஊசி நேரம் முடிஞ்சு போயிருந்தா? முடியாம இருந்தா? ஊசி போடாமலே ஒண்ணும் ஆகாம இருந்தா, நான் இப்பச் சொல்லி, புஷ்பம் வாழ்க்கையும் போயி, அவளுக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா? ஒரு தட்டுல புஷ்பம், ஒரு தட்டுல முகம் கூடத் தெரியாத ஒரு பிள்ளை, என்னையப் பிடிச்சுத் தராச தூக்கச் சொன்னா நான் என்ன செட்டியாரா? எனக்குப் புஷ்பம் வேணும், அவ சிரிக்கணும். சுகிர்தாவும் வேணும். ரெண்டும் வேணும்னா எப்படி, ஒண்ணுக்கு வாயத் தொறக்கணும், ஒண்ணுக்கு மூடணும், இருக்கது ஒரு வாய். தாயே மாரியாத்தா, நீயே ஏதாவது பண்ணேன், எல்லாத்தையும் எம்மேலயே ஏத்துனா நான் எங்க போவேன்.

தாளிப்புக் கரண்டிய எடுத்துட்டேன். என்னையறியாமதான் எடுத்தேன், கை அதுபாட்டுக்கு ஆணியில இருந்து எடுத்துருச்சு, நல்லெண்ணெய் ஊத்திருச்சு, கடுகு டப்பா மூடியத் தொறந்துருச்சு. எண்ணெய் காயுது. உள்ரூம்புல இருந்து சத்தம் இல்ல, புஷ்பம் காதத் தீட்டிக்கிட்டு இருப்பா. தர்ஷன் கண்ணு இமையில அந்த ஒரு முத்து. போடாத, போடாத, கடுகப் போடாதங்குது மனசு, போட்டேன். படபடன்னு வெடிச்சுச்சு, வெந்தயம், கறிவேப்பில, அது ஒரு சடசடப்பு, தெருவே கேட்டிருக்கும், செல்லக்கனிக்குக் குளுந்திருக்கும். குழம்புல கொட்டுனேன், சுர்ருன்னு ஒரு மணம் எந்திரிச்சுச்சு பாருங்க, மூணு நாளா செத்துக் கெடந்த வீடு முழிச்ச மாதிரி ஒரு மணம், ஒரு நிமிசம் எனக்கே நாக்குல தண்ணி ஊறிருச்சு, வெக்கங்கெட்ட நாக்கு. ஒண்ணுமே நடக்காத வீட்டு மணம். அப்பத்தான் மேல கதவு தெறந்துச்சு.

"அக்கா! மணம் ஆள இழுக்கே! வாந்தி எங்க போச்சுன்னே தெரியல!" செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியா, பைய, ஒரு கையச் சுவத்துல வச்சுக்கிட்டு எறங்குதா, வளையல் உரசுது. நான் தாளிச்சதுக்குத்தான் வாரா. நல்லா இருக்க வீடுன்னு நம்பி வாரா. பின்கதவத் தாப்பாப் போட்டேன், போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுனேன், கீழ இருந்து நாலாவது படியில நிக்கா, கையில கிண்ணம், அவளே கொண்டு வந்திருக்கா.

"எறங்காத! அங்கனயே நில்லு! வீட்டுல அம்மை போட்டிருக்கு!"

எம்புட்டுச் சத்தமா கத்துனேன்னு தெரியல, நாலு வீடு கேட்டிருக்கும். சொல்லி முடிச்சப்ப எனக்கு மூச்சு வாங்குது, முத்தத்து வெயில்ல அவ முகம் ஒண்ணும் புரியாம இருக்கு, சிரிப்பு இன்னும் முழுசாப் போகல. "யாருக்குக்கா?" "தர்ஷனுக்கு. ஒனக்குச் சின்னதுல வந்திருக்கா தாயி? வந்திருக்கும்ல?" அவ தலைய ஆட்டுனா. "இல்லக்கா. எங்க வீட்டுல எனக்கு மட்டுந்தான் வரல, அம்மா சொல்லுவா." மருந்துக் கடைப் பொண்ணு சொன்னது எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டுனேன், ரெண்டு நாள் முந்தியே ஒட்டும், ஊசி இருக்கு, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ, இந்த நிமிசமே போன்னு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கிண்ணத்தப் படியில வச்சா. ரெண்டு கையும் வயித்துக்குப் போச்சு.

"எப்ப போட்டுச்சு?"

"செவ்வாக்கெழம."

"ரெண்டு நாளா தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். "தெரியும்"னேன். அவ திரும்பி மேல ஏறுனா, வந்தத விட மெதுவா, வீட்டுக்காரருக்குப் போன் போடுத சத்தம் கேட்டுச்சு, பெறவு தெருவுல ஆட்டோ நிக்க சத்தம். நான் ஜன்னல விட்டு நகரல. பின்னால புஷ்பம் வந்து நிக்கான்னு தெரியுது, திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. அடிக்கட்டும், ஒப்பாரி வைக்கட்டும், என்ன வேணும்னாலும் செய்யட்டும்னு நிக்கேன். "மதினி, சாத்தூர் அத்தை நம்பரு ஒன் போன்லதான இருக்கு? எடுத்துக் குடு"ன்னா. "நான் பேசட்டா புஷ்பம்?" "நீயா? மேல இருக்கவகிட்டப் பேசவே ஒனக்கு ரெண்டு நாளாச்சு"ன்னா, சொல்லிட்டு உதட்டக் கடிச்சுக்கிட்டா. அவளே பேசுனா. "நான் புஷ்பம் பேசுதேன் அத்தை. அண்ணன் மகனுக்கு அம்மை போட்டிருக்கு. இல்ல, இன்னைக்கு இல்ல, செவ்வாக்கெழம. நாந்தான் மறைக்கச் சொன்னேன், எங்க மதினி மேல தப்பில்ல. ஞாயித்துக்கெழம நீங்க வர வேண்டாம்"னு எல்லாத்தையும் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னா, பெறவு அந்தப் பக்கம் என்ன சொன்னாகளோ, இவ "சரிங்க, சரிங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா. போன வச்சுட்டு, "யோசிச்சுச் சொல்லுதாகளாம்"னா. நான் அவளக் கட்டிப் பிடிச்சேன். அவ பிடிக்கல, கைய ரெண்டும் தொங்கப் போட்டுக்கிட்டு மரக்கட்டை மாதிரி நின்னா, நின்னாப்லயே அழுதா.

குழம்ப யாரும் தொடல. மூடி வச்சிருக்கேன். தர்ஷன் தூங்கிட்டான், புஷ்பம் அவன் பக்கத்துல சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. மணி ரெண்டு இருக்கும், போன் அடிச்சுச்சு, சுகிர்தா. எடுக்கவே பயமா இருந்துச்சு, எடுத்தேன். பின்னால ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுதாக. அவ கொரல் ரொம்பத் தெளிவா இருந்துச்சு, அழுத கொரல் இல்ல. "அக்கா, டாக்டர் கேக்காங்க. திங்கக்கெழம தர்ஷன் எம்மேல எவ்வளவு நேரம் படுத்திருந்தான்? எனக்குக் கண்ணசந்துருச்சு, சரியாத் தெரியல. ஒங்களுக்குத்தான் தெரியும்." அஞ்சு நிமிசம்னு சொல்லணும் போல இருந்துச்சு, சாமி சத்தியமா இருந்துச்சு, கொஞ்ச நேரந்தான் தாயி, ஒண்ணும் பயப்படாதன்னு சொல்ல வாய் தொறந்துருச்சு. எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் அப்படியே தூங்கிட்டாக, பிள்ளை மூச்சு அவ கழுத்துல பட்டுக்கிட்டிருந்துச்சு, பாக்க அழகா இருக்கேன்னு நாந்தான் எழுப்பாம விட்டேன், ஃபேனக் கூடக் கொறச்சு வச்சேன்.

"மத்தியானம் பூரா தாயி"ன்னேன். "மூணு மணி நேரம் இருக்கும். டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு."